ஐந்தாம் இலையில் அனுப்பிய சேம்பு

சங்கத்துக்கு ஆண்டு மலர் ஒன்று போடுகிறோம், உங்கள் வேலைக்கால அனுபவத்தை இனிமையாக நாலு பக்கம் எழுதித் தாருங்கள் என்று கேட்டு வந்தவள் காயத்ரி. கோயம்புத்தூர்ப் பிள்ளை. இங்கே சிட்னியில் பயிர்நோய் ஆராய்ச்சியில் இருக்கிறாள், குடியிருப்பது ஹரிஸ் பார்க்கில். வரும்போது மைசூர்பாகு ஒரு பெட்டி வாங்கி வந்திருந்தாள். இந்தக் கட்டுரையில் இனிப்பு என்று சொல்ல அது ஒன்றுதான் இருக்கிறது.

"இப்பல்லாம் ஒரு மத்தியானம் போதும் ஆன்ட்டி. இலையில ஒரு துண்டு கிள்ளி மெஷின்ல போட்டா, வைரஸ் இருக்கா இல்லையான்னு சொல்லிடும். உங்க காலத்துல எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டாள்.

"பாத்துக்கொண்டு இருந்தனாங்கள்," என்றேன்.

பகிடி விடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தாள். பகிடி இல்லை. எழுபதுகளில் எங்களுக்கு இயந்திரமும் கண்தான், பரிசோதனையும் கண்தான். பார்த்துக்கொண்டு இருக்கவேண்டிய நாட்களில் இரண்டு மாதத்தை நான் களவெடுத்தேன். அதனால் பசிபிக் கடலில் ஒரு சின்னத் தீவு தன் சாப்பாட்டை இழந்தது. எனக்கு எண்பது தாண்டிவிட்டது. இதை இதுவரை என் கணவருக்குக்கூடச் சொல்லவில்லை, அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். மலர்க்குழு இதைப் போடுகிறதோ குப்பையில் போடுகிறதோ, நான் எழுதிக் கொடுப்பது இதைத்தான்.

பேராதனையில் தாவரவியல் படித்தேன். படித்தது, கலியாணம் செய்தது, கொழும்பில் இரண்டு வருடம் ஆய்வுகூடத்தில் போத்தல் கழுவியது எல்லாம் ஒருவருக்கும் தேவையில்லாத கதை. ஒன்று மட்டும் சொல்லவேண்டும். நாங்கள் நாட்டை விட்டு வந்த காலத்தில் அங்கே ரொட்டிக்கு, எங்கள் பேச்சில் பாணுக்கு, வரிசை. விடியமுன்னம் போய் நின்று, என் முறை வரும்போது கடைக்காரர் "முடிஞ்சுது" என்று பலகையைப் போட்டு மூடிய நாட்கள் உண்டு. வெறும் பையோடு வீட்டுக்குத் திரும்பி நடக்கும்போது வரும் ஆத்திரம் எனக்கு நன்றாகத் தெரியும். அந்த ஆத்திரத்தையும் பெட்டியில் வைத்துத்தான் சிட்னிக்குக் கொண்டுவந்தேன் போலிருக்கிறது.

என் கணவர் தேவராசா வடிகால் பொறியியலாளர். பென்டில் ஹில்லில் ஒரு சின்ன வீட்டில் இருந்தோம். இன்றைக்கு அங்கே தெருவுக்குத் தெரு தமிழ்க் கடை. அன்றைக்கு மிளகாய்த்தூளுக்கே நாய்படாத பாடு. எனக்கு நகரத்தின் மேற்கே ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் தொழில்நுட்ப உதவியாளர் வேலை கிடைத்தது. வெப்பமண்டலத் தீவுகளிலிருந்து வரும் செடிகளைத் தனிமையில் வைத்து, நோய் இருக்கிறதா என்று பார்த்து, சுத்தமானவற்றை வேறு தீவுகளுக்கு நடுவதற்கு அனுப்பும் பிரிவு அது. சிட்னியில் வைத்துப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. இங்கே சேம்புத் தோட்டங்கள் இல்லை. ஏதாவது தப்பிப் போனாலும் தொற்றுவதற்குப் பயிர் கிடையாது.

பிரிவுக்குப் பொறுப்பு டாக்டர் கீலி. வடக்கே வாழைத் தோட்டக்காரர் ஒருவரின் மகன். உயரம், ஒல்லி, வெளுத்த புருவம். வாய் திறந்து ஒரு வசனம் வருவதற்குள் நாங்கள் ஒரு தேத்தண்ணி குடித்து முடித்துவிடலாம். நாங்கள் பேசியது ஆங்கிலத்தில், நான் இங்கே எழுதுவது தமிழில்.

முதல் வாரம் நான் பேனாவால் குறிப்பேட்டில் "நோய் இல்லை" என்று எழுதி வைத்தேன். அவர் அதை விரலால் தொட்டு வாசித்தார். சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்து என்னிடம் தந்தார்.

"மிஸிஸ் டி, இங்கே ஈரம். மை ஊறிவிடும்."

"சரி, டாக்டர்."

"இன்னொன்று. நோய் இல்லை என்பது உங்களுக்குத் தெரியாது. இன்றுவரை காணவில்லை என்று எழுதுங்கள்."

கண்ணாடிவீட்டுக்கு இரண்டு கதவு. ஒன்றைச் சாத்திவிட்டுத்தான் மற்றதைத் திறக்கலாம். நடுவில் மருந்துத் தண்ணீர்த் தட்டில் காலில் போட்ட சப்பாத்தை நனைத்து, அங்கேயே தொங்கும் வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு உள்ளே போகவேண்டும். உள்ளே மேசைகளில் சாடிகள், ஒன்றின் இலை மற்றதில் முட்டாத தூரத்தில். சேம்புக்கு விதி ஏழு இலை. வந்த தண்டின் பழைய இலையெல்லாம் வெட்டிவிட்டு நடுவோம். பிறகு புதிதாக வரும் ஒவ்வோர் இலையும் முழுதாக விரிந்ததும் அதன் தண்டில் ஒரு நிறக் கம்பளி நூல் கட்டவேண்டும். முதல் இலைக்குச் சிவப்பு, இரண்டாவதுக்கு நீலம், இப்படி ஏழுக்கும் ஏழு நிறம். நூல் டாக்டர் கீலியின் மனைவி பின்னி மிஞ்சியது. விரிந்த இலையைச் சூரியனுக்கு எதிரே பிடித்துப் பார்க்கவேண்டும். வைரஸ் இருந்தால் நரம்பை ஒட்டி இறகு போல ஒரு வெளுப்புத் தெரியும். வாடிய அடி இலைகளை வெட்டிப் பையில் போட்டு, நீராவியில் அவித்து எறிந்துவிடுவோம். ஆகவே எத்தனை இலை வந்தது என்பதற்குக் குறிப்பேடு ஒன்றே சாட்சி. குறிப்பேட்டை எழுதியவள் நான்.

"ஏன் ஏழு?" என்று ஒரு நாள் கேட்டேன். "மூன்று போதாதா?"

"இந்த வைரஸ் எல்லா இலையிலும் முகத்தைக் காட்டாது. நாலு ஐந்து இலை சுத்தமாக வரும். ஒருமுறை ஆறாவதில் பார்த்திருக்கிறேன். அதனால் ஏழு."

ஒவ்வொரு நாளும் பத்து மணிக்கு வருவார். குறிப்பேட்டின் மேல் விரலை ஓட்டுவார். ஒரு நாள்கூட என்னிடம் "உண்மையா?" என்று கேட்டதில்லை.

ஜோசையா எங்களிடம் வந்தது ஒரு கோடைகாலத்தில். தலைநகரத் தீவிலிருந்து கப்பலில் ஒரு பகலும் ஓர் இரவும் போகவேண்டிய சின்னத் தீவு அவருடையது. அங்கே அரசாங்க விவசாய உத்தியோகத்தர் அவர் ஒருவர்தான். முப்பது வயது இருக்கும், வாட்டசாட்டமான ஆள், குரல் மட்டும் மெல்லியது. மூன்று மாதப் பயிற்சி. கண்ணாடிவீட்டுக்குள் முதல் தடவை வந்ததும் சாடிகளைப் பார்த்துவிட்டு, "ஏன் இவை ஒன்றோடொன்று கோபமா?" என்று கேட்டார். டாக்டர் கீலி சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

மத்தியானம் நாங்கள் இருவரும் வெளியே வாங்குப் பலகையில் இருந்து சாப்பிடுவோம். நான் கொண்டுபோகும் புட்டையும் டின்மீன் குழம்பையும் பாதி அவர்தான் சாப்பிடுவார். அவருடைய தீவில் சேம்பு என்றால் சோறு மாதிரி. சோறே அதுதான். கலியாணம் செய்து போகும் பெண் தன் தாய்வீட்டுச் சேம்பின் நடும் தண்டைக் கையோடு கொண்டுபோவாள். அதனால் ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு இனம், ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். அவருடைய தாயின் சேம்புக்கு நாவற்பழ நிறத்தில் தண்டு.

"வெளியிலிருந்து யாராவது ஒரு புது இனம் கொண்டுவந்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டேன்.

"கொண்டுவந்தவனுக்கு அது சொந்தமில்லை. அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் தேவாலய வாசலில் வைத்துப் பங்கு போடவேண்டும். ஒரு வீடும் விடுபடக் கூடாது."

"பங்கு போடாவிட்டால்?"

"அவன் வீட்டுச் சாவுக்கு யாரும் போகமாட்டார்கள்," என்றார், மீன்குழம்பை வழித்துக்கொண்டே. ஊர்ச் சட்டத்தை எனக்கு இவ்வளவு தெளிவாக அவர் சொல்லியிருந்தார். எனக்குத் தெரியாமல் நடந்தது என்று சொல்லித் தப்ப வழியே இல்லை.

அவர் திரும்பிப் போன சில மாதங்களில் கடிதங்கள் வரத் தொடங்கின. விடாத மழை. சேம்பு இலைகளில் சதக்காசு அளவில் பழுப்புப் பொட்டு, ஏழு நாளில், ஒரு கிழமையில், இலை முழுதும் கருகித் தொங்குகிறது என்று முதற்கடிதம். இலைக் கருகல் நோய்தான், சந்தேகமில்லை. இரண்டாவது கடிதத்தில், கிண்டினால் கிழங்கு பெருவிரல் அளவு என்று எழுதியிருந்தார். மூன்றாவது கடிதத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் பத்து மணிக்கே வீட்டுக்கு அனுப்புகிறார்கள் என்றிருந்தது, கொண்டுபோகச் சாப்பாடு இல்லாததால். "உங்களிடம் தாங்கி நிற்கும் ஒரு இனம் இருக்கிறது என்று டாக்டர் சொன்னாரே," என்று முடித்திருந்தார்.

இருந்தது. தொலைவில் வேறொரு தீவிலிருந்து வந்த, கருகல் நோயைத் தாங்கும் சேம்பு, நாற்பது சாடி. ஐந்தாம் இலை விரிந்திருந்தது. ஐந்திலும் ஒரு குறையில்லை. ஆனால் அதற்குள் குளிர்காலம் வந்துவிட்டது. கோடையில் பத்து நாளில் விரியும் இலை, கணப்பு வைத்தும் நாலு கிழமை எடுத்தது. ஜோசையாவின் தீவுக்கு ஒன்றரை மாதத்துக்கு ஒரு கப்பல். வரப்போகும் கப்பலைத் தவறவிட்டால் நடும் பருவம் போய்விடும், பிறகு அடுத்த வருடம்தான்.

டாக்டர் கீலியிடம் போனேன். "ஐந்து இலை சுத்தமாக இருக்கிறது. இந்தக் கப்பலுக்கு அனுப்பினால் என்ன?"

"ஐந்து," என்றார்.

"அங்கே பிள்ளைகள் பட்டினி கிடக்கிறார்கள்."

மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "தெரியும். கடிதத்தை நானும் வாசித்தேன். அரிசி அனுப்பச் சொல்லித் தலைநகரத்துக்கு இரண்டு தடவை எழுதிவிட்டேன். இன்னும் இரண்டு இலை, மிஸிஸ் டி."

கல்நெஞ்சுக்காரன் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டு வந்தேன். வயிறு காயாதவனுக்கு இலை எண்ணுவது சுகம் என்று நினைத்தேன். அன்றைக்கு இரவுச் சாப்பாட்டுக்கு இருந்து, சாப்பாட்டுக் கோப்பையைத் தொடாமல் இருந்தேன்.

"இஞ்சேரும், உந்தக் கிழங்குக்காக நீர் ஏன் பட்டினி கிடக்கிறீர்?" என்றார் தேவராசா.

"அங்கை பிள்ளையள் பசியிலை கிடக்குதுகள். இந்த மனுசன் குந்தியிருந்து இலை எண்ணுறார்."

"அவர் எண்ணச் சொன்னால் எண்ணிப்போட்டு வாருமன். உமக்கென்ன வந்தது?"

"பாண் வரிசையை மறந்துபோனியளோ?"

அவர் இன்னொரு அகப்பை சோறு போட்டுச் சாப்பிட்டார். நல்ல மனுசன். வேலையிடத்தில் சொன்னதைச் செய்துவிட்டு வந்தால் போதும் என்ற அவருடைய புத்தியை அன்றைக்கு நான் கோழைத்தனம் என்று நினைத்தேன். அந்தப் புத்தி எனக்கும் இருந்திருந்தால் ஒரு தீவு பிழைத்திருக்கும்.

அடுத்த கிழமை டாக்டர் கீலி வாழைத் தோட்டங்களைப் பார்க்க வடக்கே போனார். நாலு கிழமைப் பயணம். கண்ணாடிவீடு என் பொறுப்பில். நான் செய்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன். நாற்பது சாடியிலும் நான்காம் இலையிலும் ஐந்தாம் இலையிலும் கட்டியிருந்த நூலை அவிழ்த்தேன். அவற்றில் ஆறாவதுக்கும் ஏழாவதுக்கும் உரிய நிறங்களைக் கட்டினேன். அடியில் நின்ற பழைய இலைகளை வாடமுன்னமே வெட்டி அவித்தேன். நடுவில் சுருளாக நின்ற உண்மையான ஆறாம் இலை, எட்டாவதாகிவிட்டது. குறிப்பேட்டில், கணப்பைக் கூட்டியதால் இலைகள் விரைவாக வந்தன என்று பென்சிலால் எழுதினேன். இடைவெளி விட்ட இரண்டு தேதிகளில் "இன்றுவரை காணவில்லை" என்றும் எழுதினேன். சொல்லப்போனால் எனக்கு அன்றைக்கு ஒரு பெருமை இருந்தது. இரக்கம் என்று இதற்குப் பெயர் வைக்க இப்போது மனம் வரவில்லை. நல்லவள் என்று எனக்கு நானே காட்டிக்கொள்ள அவசரப்பட்டேன், அவ்வளவுதான்.

டாக்டர் கீலி திரும்பி வந்து குறிப்பேட்டில் விரலை ஓட்டினார். பிறகு கண்ணாடிவீட்டுக்குள் போய் ஒரு பகல் முழுக்க நாற்பது சாடியையும் உருப்பெருக்கியால் பார்த்தார். இலைகளில் ஒன்றுமில்லைத்தானே. கையெழுத்து வைத்தார். முப்பத்தெட்டுச் செடிகளைப் பிடுங்கி, வேரையும் இலையையும் வெட்டி, மருந்தில் தோய்த்து, ஈரக் காகிதத்தில் சுற்றிப் பெட்டியில் அடுக்கினோம். இரண்டு சாடி எப்போதும் எங்களிடம் நிற்கவேண்டும் என்பது விதி.

அறிவுறுத்தல் தாளை நான்தான் தட்டச்சு செய்தேன். எல்லாச் செடியையும் மற்றத் தோட்டங்களுக்குத் தூரமாக ஒரே நிலத்தில் நட்டு வேலி போடவேண்டும், ஒரு பருவம் முடியும்வரை ஒன்றையும் வெளியே கொடுக்கக் கூடாது. இது வழக்கமாக எல்லாத் தீவுக்கும் அனுப்பும் தாள். அடித்துக்கொண்டிருக்கும்போதே தேவாலய வாசல் ஞாபகம் வந்தது. ஜோசையாவுக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதியிருக்கலாம். டாக்டர் கீலியிடம் போய் அந்த வழக்கத்தைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவர் பெட்டியை நிறுத்திவிடுவார் என்று பயந்தேன். படித்த மனிதர், விளங்கிக்கொள்வார் என்று விட்டுவிட்டேன்.

அடி இலைகளை வெட்டியதில் வளர்ச்சி இன்னும் பிந்தியிருந்தது, பெட்டி போய் மூன்று கிழமைக்குள்தான் எங்களிடம் நின்ற இரண்டு சாடியில் ஒன்றில் அந்த ஆறாம் இலை முழுதாக விரிந்தது. நல்ல வெயில் நாள். தண்டைப் பிடித்துச் சூரியனுக்கு நேரே சரித்தேன். நடு நரம்பின் இரண்டு பக்கமும், கிளை நரம்புகளை ஒட்டி, வெள்ளை இறகுகள். கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தேன். பக்கத்துச் சாடியில் போய்ப் பார்த்தேன். அதிலும் மங்கலாக. சாடியைப் பிடித்துக்கொண்டே நிலத்தில் இருந்துவிட்டேன்.

டாக்டர் கீலி வந்து இலையைப் பார்த்தார். நெடுநேரம் பார்க்கவில்லை, தேவையிருக்கவில்லை. குறிப்பேட்டைத் திறந்தார்.

"இது எட்டாவது இலை," என்றார்.

"ஓம்," என்றேன். ஆங்கிலம் வரவில்லை.

அவர் முழங்காலில் இருந்தார். பென்சில் முனையால் சாடியின் மண்ணை விலக்கினார். சேம்பில் விழுந்த ஒவ்வோர் இலையும் அடித்தண்டில் ஒரு வளையத் தழும்பை விட்டுவிட்டுப் போகும். எனக்கும் தெரிந்ததுதான், அந்த அவசரத்தில் மறந்துபோனேன். பென்சிலை ஒவ்வொரு தழும்பாக வைத்து மேலிருந்து கீழே எண்ணினார். பிறகு கீழிருந்து மேலே எண்ணினார். இரண்டு தழும்பு குறைந்தது. எழுந்து முழங்காலைத் தட்டினார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"தந்தி அடிக்கவேண்டும்," என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

நடவேண்டாம், நட்டிருந்தால் பிடுங்கி எரிக்கவும் என்று தந்தி போனது. அது தலைநகரத்துக்குப் போய், அங்கிருந்து வானொலித் தொடர்பு கிடைக்கும் நாளில் தீவுக்குச் சொல்லப்படவேண்டும். தந்திக்குப் பதில் வரமுன்னமே ஜோசையாவின் கடிதம் வந்துவிட்டது, தந்தி போவதற்கு முன் கப்பலில் போட்ட கடிதம். அதை எனக்குப் பாடமாகத் தெரியும்.

"அன்புள்ள மிஸிஸ் தேவா, உங்கள் சேம்பு சுகமாக வந்து சேர்ந்தது. ஞாயிறன்று பங்கு போட்டோம். எங்கள் ஊரில் முப்பத்தொரு வீடு. வீட்டுக்கு ஒன்று. மிஞ்சிய ஏழையும் நிலமில்லாதவர்களுக்குக் கொடுத்து, தேவாலயக் காணியில் நட இடமும் கொடுத்தோம். ஒருவரும் விடுபடவில்லை. என் தாய் தன்னுடைய சேம்புக்குப் பக்கத்திலேயே நட்டிருக்கிறார். உங்கள் பெயரைச் சொல்லி எல்லோரும் ஜெபம் செய்தோம்."

அதற்குப் பிறகு நடந்ததை ஒன்றரை வருடம் அறிக்கை அறிக்கையாக வாசித்தேன். நாங்கள் அனுப்பிய இனத்துக்கு அந்த வைரஸ் ஒரு தடிமன் காய்ச்சல் மாதிரி, வந்து போய்விடும். தீவின் பழைய இனங்களுக்கு அது எமன். தத்துப்பூச்சி ஒரு செடியில் சாறு குடித்துவிட்டு அடுத்த செடிக்குப் போகும். இலை விரியாமல் சுருண்டு, தண்டு குறுகி, குருத்து அழுகி, செடி செத்துப்போகும். வேலிக்குள் ஒரே நிலத்தில் இருந்திருந்தால் ஒரு நாளில் எரித்திருக்கலாம். முப்பத்தொரு தோட்டத்தின் நடுவிலும் அல்லவா நின்றது. வானொலியில் செய்தி கிடைத்த அன்றே ஜோசையா வீடு வீடாகப் போய்ப் பிடுங்கியிருக்கிறார். புதுச் செடியைப் பிடுங்க விட்டவர்கள், பக்கத்தில் நின்ற தங்கள் சேம்பைப் பிடுங்க விடவில்லை. யார்தான் விடுவார்கள்? கருகல் நோய் கிழங்கைச் சிறிதாக்கியது. அதைப் பொறுத்துக்கொண்டிருந்தால் மழை குறைந்த வருடத்தில் பழைய சேம்பு தலையெடுத்திருக்கும். நான் அனுப்பியது அந்தச் சேம்புகளையே இல்லாமலாக்கியது. பெயர் பெயராக, வீடு வீடாக. மிஞ்சியது எங்களுடைய இனம், நீர்த்த கிழங்கு. பன்றிக்குப் போடுகிறார்கள் என்று ஓர் அறிக்கையில் இருந்தது.

விசாரணை நடந்தது. நான் அழைக்கப்படவே இல்லை. கண்காணிப்பு தன் பொறுப்பு, விடுவித்தது தன் முடிவு என்று டாக்டர் கீலி இரண்டு வரி எழுதிக்கொடுத்தார். அவரைத் தனிமைப்படுத்தல் வேலையிலிருந்து எடுத்து, உலர்ந்த செடிகளுக்குப் பெயர்ச்சீட்டு ஒட்டும் அறையில் போட்டார்கள். அவருக்குப் பதில் ஆள் வரும்வரை இருந்த சில மாதங்களில் ஒவ்வொரு நாளும் பத்து மணிக்கு வந்தார். நூலை அவரே கட்டினார், இலையை அவரே எண்ணினார். பென்சிலை என்னிடம் தரவில்லை. கோபமாக ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் காலில் விழுந்திருப்பேன். அதற்கும் இடம் தரவில்லை.

அவர் ஓய்வுபெற்ற நாள் பிரியாவிடைத் தேநீரில் அவரைத் தனியாகப் பிடித்தேன். "டாக்டர் கீலி, அந்தச் சாடிகள்..." என்று தொடங்கினேன்.

"கையெழுத்து என்னுடையது, மிஸிஸ் டி," என்றார். கேக் தட்டை என் பக்கம் நகர்த்திவிட்டு மற்றவர்களிடம் போய்விட்டார். அடுத்த வருடமே இறந்துபோனார். என்னைக் காப்பாற்றினாரா, தண்டித்தாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. நான் மேலே மேலே பதவி உயர்ந்து, மரியாதையாக ஓய்வுபெற்றேன்.

எழுபதுகளின் கடைசியில் ஒரு சனிக்கிழமை, பென்டில் ஹில் வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டு ஜோசையா நின்றார். பாதி உடம்புதான் இருந்தது. யாரோ கொடுத்த கோட்டு, தோளில் தொங்கியது. மெல்பேர்னில் நோபல் பார்க் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஒரு உறவினர் வேலை எடுத்துக் கொடுத்திருப்பதாகவும், பின்னேர ரயிலில் போகிறதாகவும் சொன்னார். முன்னறையில் கதிரையில் இருத்தினேன். தேவராசா குசினிக்குள் போய்த் தேத்தண்ணி போட்டார்.

ஊரைப் பற்றி நான் கேட்கவில்லை. அவரே சொன்னார். பாதிக் குடும்பங்கள் பெரிய தீவில் தென்னந்தோட்டக் கூலிக்குப் போய்விட்டன. இருப்பவர்கள் கப்பல் அரிசி சாப்பிடுகிறார்கள். பள்ளிக்கூடம் மூடியாயிற்று.

"உங்கள் அம்மா?"

"போன வருடம் இறந்துபோனார். நானும் என் தம்பியும்தான் தூக்கிப் போய் அடக்கம் செய்தோம். வேறு யாரும் வரவில்லை." கோட்டை இழுத்துப் போர்த்துக்கொண்டார். "நோயைப் பங்கு போட்டவன் வீடு என்கிறார்கள்."

தேவராசா தேத்தண்ணியோடு வந்து, கதை கேட்டு, தட்டோடு அப்படியே நின்றார். ஜோசையா எழுந்தார். தேத்தண்ணிக்கு எழுகிறார் என்று நினைத்தேன். என் முன்னால் வந்து தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

"மிஸிஸ் தேவா, இதைச் சொல்லத்தான் மெல்பேர்னுக்கு நேரே போகாமல் இங்கே வந்தேன். உங்கள் தாளில் ஒரே நிலம், வேலி, யாருக்கும் கொடுக்காதே என்று எழுதியிருந்தது. நான் வாசித்தேன். விளங்கித்தான் வாசித்தேன். சனங்கள் பெட்டியைச் சுற்றி நின்றார்கள். எனக்கு மறைத்து வைக்க முடியவில்லை. நீங்களும் டாக்டரும் ஏழு இலை எண்ணிக் கவனமாக அனுப்பியதை நான் ஒரே ஞாயிற்றில் கெடுத்துவிட்டேன். டாக்டருக்கு வேலை போனதாகக் கேள்விப்பட்டேன். அவர் இப்போது இல்லை. நீங்களாவது என்னை மன்னிக்கவேண்டும்."

வாயைத் திறந்தேன். சொல்லவேண்டியது ஒரே ஒரு எண். ஐந்து. தேவராசா என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஜோசையாவின் கண் நிலத்தில் இருந்தது.

"பரவாயில்லை, ஜோசையா," என்றேன். "நீங்கள் வேண்டுமென்று செய்யவில்லையே."

ஒரு காலத்தில் வாட்டசாட்டமாக இருந்த அந்த மனிதர் விம்மி விம்மி அழுதார். என் கை இரண்டையும் பிடித்துக்கொண்டு, மன்னித்ததற்கு நன்றி, நன்றி என்று சொன்னார். அதையும் நான் வாங்கிக்கொண்டேன்.